மயிலாள் வெட்டாத செடி

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால், மயிலாள் முதலில் பார்ப்பது அவர் சட்டைக் கையில் தொங்கும் நூலைத்தான். இடுப்பில் செருகிய சின்னக் கத்தரி வெளியே வந்துவிடும். "கொஞ்சம் அசையாம நில்லுங்க. பிசிரோட திரிஞ்சா மனுசன் மாதிரியா இருக்குது?" என்பாள். நூல் விழுந்த பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்து நயா பைசாவை எடுப்பாள்.

வேலம்பாளையத்திலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அங்கே வேலையே அதுதான். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டிவிட வேண்டும். பதினோரு வருஷத்தில் கட்டைவிரல் காய்த்துப் போயிற்று. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வேட்டிக் கரையிலேயே கை வைத்துவிட்டாள், சொன்னால் சிரிப்பாள். அவள் கத்தரிக்குத் தப்பியவர் ஒரே ஒருவர்: குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரர் ஜானகியம்மாள். நெசவுக் குடும்பம், முருக பக்தி, கூடவே பெரிய வாய். அந்த அம்மாளிடம் யார் போய்க் கத்தரியை நீட்டுவது?

தப்பிய இன்னொன்று அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஜன்னலோரம், பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் ஒரு செடி. சதைப்பிடிப்பான தண்டு, உடம்பெல்லாம் முள், நுனியில் மட்டும் இலை, வருஷம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் பூ. கணியூரில் கட்டிக்கொடுத்த மகள் அமராவதி, பள்ளிக்கூடம் போன நாளில் டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய குச்சி. ஊருக்கு வந்தால் பெற்றவளைப் பார்க்குமுன் அதைத்தான் பார்ப்பாள், கழுதை. செடி ஜன்னல் கம்பியைத் தாண்டி, துணிக் கொடியையும் பிடித்துக்கொண்டு கூரையைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

வெட்டாததற்குக் காரணம் பயம். செடி வந்த புதிதில் ஜானகியம்மாள் சொல்லிவிட்டார்: "முள்ளப் பாத்தா கள்ளியாட்ட இருக்குது அம்மிணி. கள்ளி வெச்ச ஊடு வெளங்காது. கீறிப் பாரு. பால் வந்துதுன்னா எடுத்து வீதீல வீசிப்போடு."

"ரோசாவுக்கும் முள்ளு இருக்குதுங்களேக்கா" என்று அன்றைக்குச் சமாளித்தாள். பூக்க ஆரம்பித்த பிறகு ஜானகியம்மாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் காலையில் ஜன்னல் வழியாகக் கைவிட்டு நாலு பூப் பறித்து முருகன் படத்துக்கு வைத்து வந்தார். மயிலாள் மட்டும் ஓர் இலையைக்கூடக் கிள்ளியதில்லை. கிள்ளினால் தெரிந்துபோகுமே! கள்ளி வேலி போட்ட காட்டில் வளர்ந்தவள். உள்ளூர அவளுக்கே சந்தேகம்.

இந்த ஐப்பசியில் ஜன்னல் வழியே அடித்த மழையில் தண்டின் அடி அழுகிவிட்டது. மேல் பாகத்தை வெட்டி ஊன்றாவிட்டால் முழுச் செடியும் போய்விடும். அடுத்த மாதம் அமராவதி பிரசவத்துக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜானகியம்மாள் தூங்கியிருப்பார் என்ற தைரியத்தில் மயிலாள் காய் நறுக்கும் கத்தியை எடுத்தாள். ஏழாவது குச்சியை வெட்டும்போது வாசலில் நிழல் விழுந்தது. முந்தின ஆறிலும் வந்தது போலவே, வெட்டுவாயிலிருந்து வெள்ளை வெளேரென்று பால்.

மயிலாள் அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டாள். விரலிடுக்கில் வழிந்தது. "தண்ணீங்க்கா. நேத்து நெறைய ஊத்திப்போட்டனுங்க" என்றாள்.

ஜானகியம்மாள் உள்ளே வந்து அவள் விரலை விலக்கினார். மூலையில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்துப் பாலைத் துடைத்தார். "கண்ணுல கிண்ணுல பட்டுதுன்னா எரியும், கையக் களுவு. அஞ்சு வருசமா பூப் பறிக்கறவ நானு. நித்தமும் வெரல்ல பிசுபிசுன்னு பாலு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப… வீசோணுங்களா?"

"முருகனே இத்தன நாளா ஒண்ணுஞ் சொல்லீல, நான் என்னத்தச் சொல்றது? குச்சிய நெழல்ல போடு. எனக்கும் ஒண்ணு வேணும்."

மயிலாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்டுவாய் ஆறட்டும், நாலு நாள் கழித்து மணலில் ஊன்றலாம் என்று குச்சிகளை முறத்தில் பரப்பினாள். கையைக் கழுவினாள். பிறகு இடுப்புக் கத்தரியை எடுத்து, ஜானகியம்மாளின் ரவிக்கைக் கையில் தொங்கிய நூலைப் பிடித்து, "அசையாம நில்லுங்க்கா" என்றாள்.