கூரையில்லாத பந்தல்

கீழ்பென்னாத்தூர் அரிசி மில் முதலாளி அப்பாதுரை, "பொண்ணு கல்யாணத்துக்கு மதுர மகால் மாதிரியே பந்தல் வேணும், முடியுமா?" என்று கேட்டபோது, திருவண்ணாமலை பந்தல்காரர் சக்கரபாணி யோசிக்கவேயில்லை.

"முடியும்ங்க."

அதுவரை அவர் ஒரு அரண்மனையையும் பார்த்ததில்லை. அது 1981, தை மாதம். கல்யாணத்துக்கு இருபது நாள். சொன்னதைக் கட்டவில்லை என்றால் பதினைந்து வருடமாகச் சம்பாதித்த பெயர் போய்விடும்.

நண்பர்கள் இருவரை இழுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினார். மூர்த்தி மைக் செட் வைத்திருந்தவர். தருமன் லாரி டிரைவர். திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்ததும் மூவரும் முதல் தூணின் அடியிலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னாடா இது!" என்றார் தருமன். "தூணுக்குப் பின்னால நம்ம லாரிய நிறுத்துனா தெரியாது போலக்கீதே."

சக்கரபாணி டேப்பை நம்புகிறவர் அல்ல. அவருக்குக் கைதான் அளவு. "கட்டிப்புடிங்கடா!" என்றார். மூவரும் தூணைச் சுற்றிக் கை கோத்தார்கள். எட்டவில்லை. இடைவெளியை மூர்த்தியின் துண்டால் நிரப்பினார்கள்.

காவலாளி ஓடிவந்தார். "யோவ், தூணைத் தூக்கிட்டுப் போகவா வந்தீங்க?"

"இல்லீங்க, அளவு மட்டும் எடுத்துக்கறோம்."

பிறகு நடு முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்த சக்கரபாணியை அங்கிருந்து நகர்த்த ஒரு மணி நேரம் ஆனது.

ஊர் திரும்பி, அப்பாதுரையின் மில் களத்தில் மூங்கில் தப்பையும் வெள்ளைத் துணியும் வைத்து முதல் தூணை அதே பருமனில் எழுப்பினார். அசல் மகால் தூண்தான். ஆனால் விருந்தாளிகள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் மணவறையைக் காணோம்.

"ஏன்யா, பொண்ணு தூணுக்குப் பின்னாலயா ஒக்காரும்?" என்றார் அப்பாதுரை.

"பாதியா கொறைச்சிடு. யாரு அளக்கப் போறாங்க?" என்றார் மூர்த்தி.

"கொறைச்சா அது மகால் இல்லடா, வாழைமரம்."

மிச்சம் நான்கு நாள். மகாலில் தன் வாய் பிளந்தது எந்த இடத்தில் என்று சக்கரபாணி யோசித்தார். தூண் அருகில் அல்ல. முற்றத்தில், தலைக்குமேல் வானம் மட்டும் இருந்த இடத்தில். பருமனில் ஒரு விரற்கடை குறைக்காமல் தூண்கள் அத்தனையையும் ஓரங்களில் மட்டும் எழுப்பினார். நடுவில் கூரையே போடவில்லை.

அப்பாதுரை பதறினார். "மேல ஒண்ணுமே இல்லியேயா! ஜனம் சிரிக்கும்."

"முகூர்த்தம் ஏழரைக்குள்ள முடிஞ்சிடும்ங்க. வெய்யில் ஏர்றதுக்குள்ள எல்லாரும் பந்தியில இருப்பாங்க."

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு, அவர்களும் நிமிர்ந்தார்கள். வெள்ளைத் தூண்களின் வளைவுகளுக்கு நடுவே தை மாத வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் கூட வாசிப்பதை ஒரு கணம் விட்டுவிட்டார்.

கல்யாணம் முடிந்த அன்றே பந்தலைப் பிரிப்பதுதான் வழக்கம். சாயந்திரம் ஆட்களோடு வந்த சக்கரபாணியை அப்பாதுரை வாசலிலேயே மறித்தார். உள்ளே, நட்டநடுவில், ஒரு நாற்காலி கிடந்தது.

"ரெண்டு நாள் கழிச்சு வாய்யா," என்றார். "நான் இன்னும் ஒக்காந்து பாக்கல."