நாலாவது ஆள்

கணவனை இழந்த ஒரு அம்மா கல்முனையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு கோணேசர் மலைக் கோயிலுக்கு வந்திருந்தார். வழியில் போன ஒருவரிடம் கமராவை நீட்டி, "ஒரு படம் எடுத்துத் தாறீங்களோ" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தாங்கள் மூன்று பேர் என்பது நினைவுக்கு வந்தது போலும், முகம் வாடிப்போனது. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பயப்படுவார்கள். அங்கே கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த பாக்கியரத்தினம் அண்ணை ஒன்றும் அறியாதவர் போல மகளைக் கூப்பிட்டார்.

"மலர், அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் கச்சான் குடு. குடுத்திட்டு அதிலயே நில்லு."

இராசமலர் போய்ச் சின்னவனின் தோளில் கைவைத்து நின்றாள். இப்போது நாலு பேர். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.

அதற்குப் பிறகு மூன்று பேராக வருகிறவர்களெல்லாம், "அண்ணை, மகளை ஒருக்கா விடுங்கோவன்" என்று கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் அருச்சனைத் தட்டு விற்கும் நான் பகிடி பண்ணுவேன்.

"உங்கட மகளின்ர படம் இல்லாத வீடு இலங்கையில இல்லை அண்ணை."

"ஒரு வீடு இருக்குத் தங்கச்சி. எங்கட வீடு."

அவர், மனைவி, மகள்: அவர்களும் மூன்று பேர்தான். மகளைத் தனியே நிறுத்திப் படம் எடுக்கத் தாய்க்கு மனமில்லை. "இன்னொண்டு பிறக்கட்டும், எல்லாருமாய் எடுப்பம்" என்பார். பிறக்கவில்லை. ஊருக்கெல்லாம் நாலாவது ஆளைக் கொடுத்த மனிதருக்குத் தனக்கொருவரைக் கேட்க வாய் வரவில்லை.

ஒரு மாரியில் இராசமலர் காய்ச்சலில் படுத்தாள். கோணேசப் பெருமானிடம் நான் அழுது மன்றாடினேன். அவன் சித்தம் வேறாக இருந்தது. பிள்ளை போய்விட்டாள். அவளுடைய முகத்தைப் பார்க்க வீட்டில் ஒரு படமும் இல்லை.

பிறகு கமராவோடு யார் வந்தாலும் அண்ணை கிட்டப் போவார். "முந்தியும் இஞ்ச வந்தனீங்களோ? உங்கட படத்தில ஓரமாய், கரையில ஒரு பிள்ளை நிக்குதோ?" சிலர் இல்லை என்றார்கள். சிலர் விலகிப் போனார்கள்.

சில வருடம் கழித்துக் கல்முனை அம்மா திரும்ப வந்தார். "அந்தப் பிள்ளையை மறப்பனோ! படம் வீட்டில இருக்கு, கொண்டாறன்" என்றார். சொன்னபடி அடுத்த ஆடியில் கொண்டுவந்தார். சுற்றியிருந்த கடதாசியைப் பிரிக்க முன்பே அழுதார்.

"அண்ணை, சட்டத்துக்குள்ள அடங்கேல்லை எண்டு கடைக்காரன் கரையை வெட்டிப்போட்டான். வீட்ட போய்ப் பார்த்தாப் பிறகுதான் எனக்கும் விளங்கினது."

படத்தில் தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சின்னவனின் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது.

அண்ணை சால்வையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே வச்சிருங்கோ அண்ணை."

"வேண்டாம் அம்மா, உங்கட குடும்பப் படம்." திருப்பிக் கொடுத்தவர், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மூண்டு பேராய்ப் போச்செண்டு பயப்பிடாதேங்கோ. கை நிக்குது. நாலு பேர்தான்."

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. எண்பதாம் ஆண்டில் மனைவியின் ஆட்களோடு இருக்க இரண்டு பேரும் மூதூருக்குப் புறப்பட்டார்கள். வழியனுப்ப இறங்குதுறைக்குத் திருநீறு கொண்டு போனேன். பூசிக்கொண்டு லோஞ்சுப் படகில் ஏறப் போனவர் திரும்பினார்.

"தங்கச்சி, மூண்டு பேராய் வாறவைக்கு இனி நீங்கள் போய் நில்லுங்கோ. ஆனால் கரையில நிக்காதேங்கோ. நடுவில நில்லுங்கோ."