தொட்டிக்குள் ஒரு கொழுந்து

என் மீன் தொட்டிக்கென்று, ஹட்டனில் அழகு மீன் விற்கும் முஸ்லிம் நானா பொலித்தீன் பையில் முடிந்து கொடுத்த செடிக்குப் பெயர் கேட்டேன். தண்ணிச் செடி, வேறென்ன என்றார். வீட்டுக்கு வந்து கைபேசியில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு நீளமான வெளிர்பச்சை இலைகள், கணுவிலேயே நூல்போல வெள்ளை வேர். ஹைக்ரோபிலா என்று கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் என்னோடு பேசுவதில்லை.

எங்களுடையது காதல் திருமணம்; மாமியாருக்கு அதில் விருப்பமில்லை. மகளுக்காகத் தன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் ஓர் அறையை விட்டுக்கொடுத்தார், வேளாவேளைக்குச் சோறும் போட்டார். ஆனால் என் முன்னாலேயே மகளிடம், "சாப்பிடச் சொல்லு" என்பார். ரொட்டி சூடாக வரும், முகம்தான் ஆறிப்போயிருக்கும். சண்டை பிடித்தாலாவது பதில் சொல்லலாம். அந்த மௌனம் என்னை மிகவும் வருத்தியது.

செடி மட்டும் செழித்தது. தொட்டி மணலில் ஊன்றிய நாலைந்து தண்டுகள் கிளைவிட்டுப் புதராகி, கப்பி மீன்கள் அதற்குள் ஒளிந்து திரிந்தன. இந்தக் குளிரிலும் வளர்கிறதென்றால் என் கைராசிதான் என்று நண்பர்களிடம் அளந்துவிட்டேன்.

மனைவியின் தங்கைக்குப் பிரசவம் என்று மாமியார் வட்டவளைக்குப் போனார். அதன்பின் தண்டுகள் கிளைவிடாமல் நீண்டு நீர்மட்டத்தில் படுத்தன. கீழே வெளிச்சம் இல்லாமல் அடியிலைகள் உதிர்ந்து மொட்டையாயின. என்ன நோயோ என்று நான் பதற, மனைவி சிரித்தாள். தோட்டத்தில் கொழுந்து எடுப்பதை நிறுத்திய பிறகும் அம்மாவின் விரல் சும்மா இருக்காதாம். நான் வேலைக்குப் போனதும் தொட்டிக்குள் கைவிட்டு நுனிகளைக் கிள்ளுவாராம், கிள்ளியதை வீசாமல் மணலில் ஊன்றுவாராம்.

"ஏம்மானு கேட்டா, அந்தப் புள்ள ஆசையா வச்சிருக்கு, வீணாப் போயிறக் கூடாதுங்கிறாங்க" என்றாள்.

அந்தப் புள்ள நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைப் பார்க்கும் சாக்கில் ரயிலேறினேன். கையில் ஜேம் போத்தலில் நீண்ட தண்டு ஒன்று. மாமியார் வாசலில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க இல்லாம இப்படி ஆயிருச்சு. எங்க கிள்ளணும்னு சொல்லுங்க" என்று போத்தலை நீட்டினேன்.

வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வழக்கம்போல என்னிடம் பேசாமல், உள்ளே இருந்த சின்ன மகளைக் கூப்பிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கொழுந்த முத்த விட்டுட்டீங்களே, மாப்ள" என்றார்.

மாமியார் வீடு திரும்பிவிட்டார். இப்போது அந்தத் தொட்டியில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. வைத்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். திட்டுவதையெல்லாம் என் முகத்தைப் பார்த்தே திட்டுகிறார்.