ஜூனி தூங்கிய வீடு

ஒஹாயோவில் எங்கள் ஊரில் பத்தொன்பது வருடமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். மார்லாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. முதியோர் இல்லத்தில் வாரம் ஐந்து நாள் இராத்திரி வேலை. விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜூனிக்கு ஒன்பது வயது. தனக்குக் காய்ச்சலென்றாலும் மார்லா வேலைக்கு லீவு போட மாட்டாள், மகராசி.

போன பிப்ரவரியில் அவள் படிவத்தை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. முன்னாள் புருஷன் டுவைட் அதற்குள் ஜூனியைத் தன் வரிக் கணக்கில் காட்டியிருந்தான். ஒரு பிள்ளையைப் பெற்றவர்களில் ஒருவர்தான் அப்படிக் காட்டி வரிச் சலுகைப் பணம் வாங்க முடியும்.

"இந்த வருஷம் அவளைக் காட்டறது என் முறைன்னு கோர்ட்லயே எழுதியிருக்கு ரோண்டாக்கா! படுபாவி முந்திக்கிட்டானே!"

"வரி ஆபீஸ்ல அந்தப் பேப்பர் செல்லாதுடி. பிள்ளை யார் வீட்ல அதிக ராத்திரி தூங்குச்சுன்னுதான் பார்ப்பாங்க."

மார்லாவின் முகம் சுண்டிப்போனது. அவள் வேலைக்குப் போகும் இரவெல்லாம் ஜூனி தூங்குவது டுவைட் வீட்டில்தான்.

"பணம் போனாப் போகுதுக்கா. பிள்ளை அவன்கூடத்தான் இருக்கான்னு சர்க்காரே எழுதிட்டா? அதைக் காட்டியே அவளைப் பிடுங்கிக்குவான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது! இராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு இரவுகளை எண்ணக் கூடாது, பகல்களைத்தான் எண்ண வேண்டும். அவள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக உட்கார்ந்து எண்ணினோம். பள்ளி விட்டதும் ஜூனி வருவது அம்மாவிடம், கோடை விடுமுறைப் பகல் முழுக்க அம்மாவிடம். டுவைட்டின் எண்ணிக்கை பக்கத்தில்கூட வரவில்லை.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று மேசையைத் தட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பகல்ல நான் என்ன செஞ்சேன்னு கேப்பாங்களாக்கா?"

"எதுக்குக் கேக்கறாங்க?"

"தூங்கிட்டிருப்பேன். அவ டிவி சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு, நான் எந்திரிக்கிற வரைக்கும் என் கதவுக்கு வெளியே உக்காந்திருப்பா. காலையில அவளுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்து, தலை வாரி விடறது டுவைட்தான்."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டிருந்தா அவனுக்கே விட்டுக் கொடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மார்லா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.