முதல் சொல் மூக்கு

அந்தக் குடியிருப்பில் டைப்பிஸ்ட் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளை நேரில் பார்த்தவர்கள் குறைவு. மேல் மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் அண்ணனோடு இருந்தாள். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. கண்ணும் வலது கட்டைவிரலும் தவிர எதுவும் அசையவில்லை. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை.

அவள் வேலையை விட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்கள் எல்லோரும். அந்தக் கொஞ்ச நாள் வருஷங்களாக நீண்டது. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். கடைக்குப் போவதென்றால் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரும்புவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் புகட்டிக்கொண்டிருந்த கஞ்சி கீபோர்டில் கொட்டிவிட்டது. துடைத்தாள், கவிழ்த்தாள், தட்டினாள். பாதி எழுத்துகள் செத்துப்போயிருந்தன. மறுநாள் காலை கட்டுரை கொடுத்தாக வேண்டும். கடைகளும் திறந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் மவுஸை வைத்துக்கொண்டு மெனுவுக்குள் துழாவ ஆரம்பித்தாள். எழுத்தடிக்கும் இடத்தைத் தவிர வேறெதையும் அவள் அதில் திறந்ததே இல்லை.

ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் இன்னொன்று. கடைசியில் இருந்த ஒன்றை அமுக்கியதும் திரையின் மேல்பாதியில் எழுத்துகள் பூசணிக்காய் பருமனுக்கு ஊதின. பதறி மூடினாள். அடுத்ததை அமுக்கினால் ஓர் ஆண்குரல் கரகரவென்று இங்கிலீஷ் பேசியது.

"யாருடா நீ!" என்று அவள் அலற, அண்ணனின் கண்கள் அகலமாக விரிந்தன.

மூன்றாவதில் திரையிலேயே ஒரு கீபோர்டு வந்து உட்கார்ந்தது. மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுக் கட்டுரையை முடித்தாள்.

முடித்த பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், அதன் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றை மாற்றியதும் எழுத்து வரிசைகள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமாகின. கெடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். தற்செயலாகக் கை ஸ்பேஸ் பாரில் பட்டது. வெளிச்சம் ஒரு வரிசையில் நின்று, அந்த வரிசையின் எழுத்துகள் மேல் நகர்ந்தது. மறுபடி அமுக்கினாள். 'டிக்' என்ற சத்தத்தோடு ஓர் எழுத்து விழுந்தது.

ஒரே ஒரு விசை. ஒரே ஒரு விரல் போதும்.

யாரோ ஒருவர் கை அசையாதவர்களை நினைத்து இதைச் செய்து உள்ளே வைத்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷமாக இது கிடந்திருக்கிறது.

கீபோர்டை அண்ணனின் வயிற்றின் மேல் வைத்து, கட்டைவிரலுக்கு அடியில் ஸ்பேஸ் பாரைப் பொருத்தினாள்.

"அண்ணா, வெளிச்சம் வரும்போது அமுக்கு. அவசரமே இல்ல."

தவறின. அழித்தார். மறுபடி தவறின. இங்கிலீஷ் எழுத்துகளில் ஒரு தமிழ்ச் சொல் மெல்ல உருவானது. மூக்கு.

"மூக்கா? மூக்குக்கு என்னண்ணா?" என்று குனிந்து பார்த்தவள் சட்டென்று புரிந்துகொண்டு சொறிந்துவிட்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஓரத்திலும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. தண்ணியா, போர்வையா, ஃபேனா என்று அவள் தினமும் கேட்டிருக்கிறாள். மூக்கைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

செய்தி கேட்டு வெளியூரில் இருந்த தங்கை போன் செய்தாள். "அண்ணன் வாயத் தொறந்துட்டாரு! இனிமே உனக்கும் நல்லா பொழுது போகும்."

பொழுது போகவில்லை, அவளைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூடு. இவ்வளவு இல்லை. உப்பு அதிகம். தலையணை. எங்கே? அந்த 'எங்கே'தான் அடிக்கடி வந்தது. அவள் குளிக்கப் போனாலும் திரும்பி வந்து பார்த்தால் திரையில் 'எங்கே' நிற்கும். சமையலறையில் இருந்தாலும் டிக், டிக் என்ற சத்தம் வந்து முதுகைத் தட்டும். முன்பு அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அதுவும் போயிற்று.

வெளிச்சம் ஒவ்வொரு வரிசையிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கும் அதே இடத்தில் ஓர் அமைப்பு இருந்தது. ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது அதைக் கூட்டிவிட்டாள். விரலுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டாள். ஒரு சொல் அடிப்பதற்குள் அண்ணன் களைத்துப்போனார். வீடு அமைதியானது. அந்த அமைதியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் அண்ணன் ஒன்றும் அடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தொடங்கி, விட்டு விட்டுச் சாயங்காலம் வரை அடித்தார். அவள் கிட்டே வந்து படித்தாள்.

'மெதுவாக்கிட்டே. தெரியும். கோபம் இல்லை. உன் மூஞ்சியவே பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு. நெட்டையனக் கூப்பிடு.'

சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது; அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அண்ணனின் கட்டைவிரலும் துள்ளியது. எழுந்துபோய் முதல் வேலையாக வேகத்தைப் பழையபடி மாற்றினாள்.

நெட்டையன் பக்கத்துக் கிரேனை ஓட்டியவர். அண்ணன் விழுந்த புதிதில் ஒருமுறை வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் உருட்டிவிட்டுப் போனவர்தான். போன் போட்டாள்.

"அவன்தான் பேசமாட்டானேம்மா. நான் வந்து என்ன செய்ய?"

"இப்ப பேசுறாரு. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டாரு. வந்து பாருங்க."

வந்தார். "போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுக்க எதுவும் இல்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்து, நின்ற பஸ்ஸைப் பார்த்துவிட்டு, ஏறாமல் திரும்பினாள்.

மேலே வந்து கதவைத் தொடப் போனபோது உள்ளே நெட்டையனின் குரல் கேட்டது.

"அன்னிக்கு சங்கிலி அறுந்தது என் தப்பாடா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு!"

பிறகு டிக். வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். நெட்டையன் பொறுமையாகக் காத்திருந்தார்.

"பொய்! பச்சைப் பொய்!"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மேல்படியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, சுவரில் தலை சாய்த்தாள். உள்ளே சண்டை சூடுபிடித்துக்கொண்டிருந்தது.