வட்டமாக உட்கார்ந்து பேசியது

சாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டும் கலர் கயிறு விஷயமாகப் பையன்களுக்குள் பஸ்ஸில் அடிதடி நடந்து, போலீஸ் காலேஜ் வாசல் வரை வந்துபோன பிறகுதான் எங்கள் காலேஜில் நல்லிணக்க மன்றம் தொடங்கினார்கள். நான் அப்போது இரண்டாம் வருடம். வியாழக்கிழமை கடைசி பீரியடில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. சாத்தூரிலிருந்து வரும் வரலாற்று மேடம் அதை நடத்தினார். சின்ன வயசு, தற்காலிக வேலை. இது மெய்யாகவே எதையாவது மாற்றும் என்று நம்பினார்.

என் தோழி என்னைச் சேர்த்துவிட்டாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரே ஊர் நாங்கள். அவள் ஊருக்குள், நான் காலனி. பஸ்ஸில் மட்டும் ஒன்றாக உட்காருவோம், எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு முன்னாலேயே அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

முதல் சில வாரம் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். எங்க ஊர்ல வித்தியாசமே கிடையாது, எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுறோம். மேடம் பொறுமையாகக் கேட்டார். ஒரு வியாழக்கிழமை, "நீங்க சொல்றதெல்லாம் உண்மைன்னா நாம ஏன் இங்கன உக்காந்திருக்கோம்?" என்றார். என் தோழி பேச ஆரம்பித்தாள்.

"எங்கப்பா பட்டாசுக் கம்பெனியில போர்மேன். யாரு எந்த ரூம்ல வேலை பாக்கணும்னு அவருதான் சொல்லுவாரு. மருந்து கலக்குற ரூமுக்கு எங்க தெரு ஆளுகள அனுப்பவே மாட்டாரு. காலனி ஆளுகளத்தான் போடுவாரு. ஏன்னு எங்கம்மா கேட்டா, நம்ம ஆளுக வீட்ல இழவு விழுந்தா நான் அந்தத் தெருவுல எப்படி நடக்கன்னு சொல்றாரு."

என்னைப் பார்த்தாள். "இவ அப்பா அந்த ரூம்லதான் இருக்காரு."

அப்பா மருந்து ரூமில் இருப்பது எனக்குத் தெரியாததா? அவர் காதுமடலில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடி எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு காரணம் சொல்லியிருந்தார்கள். "மருந்து வேலைய எல்லார்ட்டயும் நம்பிக் குடுக்க மாட்டாக" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நானும் அந்தப் பெருமையோடுதான் வளர்ந்தேன். அன்றைக்கு அந்த வட்டத்துக்குள் அது போனது. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

மேடம் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "இதுதாம்மா பேச்சு" என்றார்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் அந்த வட்டத்தில் இருந்தான். சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பா வேலையிலிருந்து வந்தவர் கைகால்கூடக் கழுவாமல் என்னைக் கூப்பிட்டார்.

"போர்மேன் எல்லார் முன்னாடியும் வச்சு, ஒம் மகதான் எம் மகளக் கெடுத்துட்டான்னு பேசுதாரு. நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் பேசலப்பா. அவதான் சொன்னா. உள்ளதத்தான் சொன்னா."

"உள்ளது எனக்குத் தெரியாதாக்கும்?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரிஞ்சுதாம்மா போறேன். சீசன் நேரம். நான் அவருட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கேன். இனிமே அந்தக் கூட்டத்துக்குப் போகாத."

அவர் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேடம் சும்மா இருக்கவில்லை. அவள் வீட்டுக்கே போய்ப் பேசினார். என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். அவளுடைய அம்மா மரியாதையாகத்தான் வரவேற்றாராம். "உக்காருங்க, காப்பி சாப்பிடுதீகளா?" என்று கேட்டு, மேடம் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "அவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. இனிமே வராதீக" என்றாராம். அவள் உள்ளே இருந்திருக்கிறாள். வெளியே வரவில்லை.

கம்பெனி முதலாளி காலேஜ் நிர்வாகத்தில் இருந்தவர். முதல்வர் எங்கள் மேடத்தைக் கூப்பிட்டு, நல்லிணக்கம் என்றால் நல்லதை மட்டும் பேச வேண்டும் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அடுத்த கல்வியாண்டில் மேடம் வேலையில் இல்லை. மன்றம் மட்டும் இருந்தது. கோலப்போட்டி நடத்தினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள். ஆண்டு விழாவில் முதலாளிதான் சிறப்பு விருந்தினர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் சாதியே இல்லை என்பதில் தனக்குப் பெருமை என்றார். எல்லாரும் கைதட்டினோம்.

அப்பா அதே ரூமில்தான் தொடர்ந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் படித்து முடிக்கும்வரை, தூரத்தில் எங்காவது சத்தம் கேட்டால் ஊரே தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்க்கும். நாங்களும் பார்ப்போம். நம்ம கம்பெனி இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய் விட்ட வேலையைத் தொடருவோம்.

சில வருடம் கழித்து சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. இளைத்திருந்தாள். அவளே என்னிடம் வந்தாள். குசலம் விசாரிக்கவில்லை.

"அன்னைக்கு நான் பேசாம இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். பேசியதால் இன்னது நடந்தது என்று ஒன்றையாவது காட்டிச் சொல்ல வேண்டுமே. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்குள் அவள் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தபடி வருவது தெரிந்தது. அவள் குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு, யாரோ வழி கேட்டவள் போல என்னைவிட்டு நகர்ந்து போனாள்.