திரைக்கு வெளியே நீட்டிய கை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். குண்டு விழும் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய ஜனங்கள் திரும்பி வந்து, மயிலாப்பூரில் வீட்டுக்கு மூன்று குடும்பமாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கூடவே பெரியம்மையும் வந்துவிட்டது. சர்க்கார் ஆள் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அம்மைப்பால் குத்த வந்தார். பாவம், அவரைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். மாடவீதிப் பக்கம், "கன்னுக்குட்டி உடம்புல எடுத்த சீழாமே, எங்காத்துக்கு ஆகாது" என்றார்களாம். குப்பத்தில், கை வீங்கினால் வலையை உன் அப்பனா வந்து இழுப்பான் என்று கேட்டார்களாம். எங்கள் வீட்டில் கோஷா, பெண்கள் அன்னியர் கண்ணில் படக்கூடாது.

மாமனாருக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. பலபேர் வந்து போகிற இடம், பயந்துபோய் எல்லாரும் குத்திக்கொள்ளணும் என்று சொல்லிவிட்டார். அன்னிய ஆம்பிளை முன்னால் மருமகள்கள் எப்படிப் போய் நிற்பது? மாமியார் ஒரு பழைய போர்வையை நடுவில் கிழித்து உள்வாசலில் தொங்கவிட்டார். கிழிசல் வழியாகக் கையை மட்டும் நீட்டினால் போதும். முதல் ஆளாகத் தானே நீட்டிவிட்டு, "யா அல்லா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மிச்சம் நானும் என் ஓரகத்தியும். மூத்த மருமகள், அக்கா முறைக்கு லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. என் மூன்று மாசப் பெண் அவள் இடுப்பில்தான் வளர்ந்தது, பால் குடிக்க மட்டும் என்னிடம் வரும். அவ்வளவு சின்னதுக்கு இப்போது வேண்டாம், தாய் குத்திக்கொள்ளட்டும் என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மை குத்துகிறவர் சொன்னார். தாய்க்கோ உதறல்! தோலைத் திருகிக் கீறுகிற கருவியைக் கிழிசல் வழியாகப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். "காய்ச்சல் வந்தா பால் கெட்டுடும் லாத்தா, என்னால முடியாது" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் இடது கையை நீட்டிக் குத்திக்கொண்டாள். பிறகு என் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வலது கையில் மாட்டிக்கொண்டு, எனக்குப் பதிலாக அதையும் நீட்டினாள். அந்த மனுஷர் கையைத் தவிர எதைக் கண்டார்? நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ரெண்டு கையும் வீங்கி, காய்ச்சலோடு அவள் சோறு வடித்தாள். அடடா, என் மேல் என்ன பாசம் என்று பூரித்துப்போனேன், முட்டாள்.

அடுத்த மாசம் எனக்கு அம்மை வார்த்தது. வீட்டுப் பெரியவர்களில் எனக்கு மட்டும். கடையிலிருந்து வந்ததோ, வந்துபோன உறவோடு வந்ததோ, யார் கண்டது. குத்திக்கொண்டவளை அண்டாது என்ற தைரியத்தில் லாத்தாதான் என்னையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டாள். குழந்தையைப் பிரித்து வேறு அறைக்குக் கொண்டுபோனாள். அதற்குள் அதற்கும் கண்டுவிட்டது. எனக்கு இமை ஒட்டிக்கொண்டு கண் திறக்கவில்லை. பால் கட்டி மார்பு தெறித்தது. "கொண்டா லாத்தா, ஒரு வாய் குடிக்கட்டும்" என்று கெஞ்சினால், "தூங்குதும்மா" என்பாள். எப்போது கேட்டாலும் தூங்குதும்மா. ஆம்பிளைகள் குழந்தையைக் கபர்ஸ்தானில் அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கு அவள் மேல் பாய்ந்தேன். "ஏன் லாத்தா கையை நீட்டினே? என் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருக்கக் கூடாதா?"

"நீ அழுதே. என்னால தாங்க முடியல" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஆத்திரம் முழுசாக அடங்கியது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் மேல் அவ்வளவு உயிரை வைத்திருந்தவர்களும் வேறு யாரும் இல்லை.

அம்மை இறங்கித் தெரு அடங்கியதும் உறவுக்காரப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தழும்பேறிய என் முகத்தைத் தடவித் தடவி, பெத்த வயிறு என்ன பாடுபடும் என்று அழுதார்கள். லாத்தா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். "நீ போய் எல்லாருக்கும் டீ போடும்மா" என்றார் ஒரு பெரியம்மா. அவள் போனாள்.